கப்பலில் கும்பிடும் உரிமை யாருக்கு?

விடுமுறைக்குப் போகிறவர் கடவுளையும் வீட்டில் வைத்துப் பூட்டிவிட்டா போகிறார்? ரயிலில் போகிறவர் தொலைவில் கோபுரம் தெரிந்தால் கன்னத்தில் போட்டுக் கொள்கிறார். பஸ்ஸில் போகிறவர் மாதா கோயிலைக் கடக்கும்போது சிலுவைக் குறி போட்டுக் கொள்கிறார். வேளை வந்துவிட்டால் ஸ்டேஷன் பிளாட்பாரத்தின் ஓரத்தில் துண்டை விரித்துத் தொழுகிறவரைப் பார்க்காதவர் இல்லை. வீட்டை விட்டுக் கிளம்பினாலும் பக்தி கூடவே வருகிறது.

கடலில் மிதக்கும் உல்லாசக் கப்பலுக்கும் இது பொருந்தும். இத்தகைய பயணம் ஒரு காலத்தில் மேல்நாட்டுச் செல்வந்தர்களுக்கே உரியதாக இருந்தது. 2021 செப்டம்பரில் மும்பையிலிருந்து உள்நாட்டு உல்லாசக் கப்பல் ஒன்று கோவாவுக்கும் லட்சத்தீவுக்கும் புறப்பட்டது. 2022 ஜூன் 4-ந் தேதி சென்னைத் துறைமுகத்திலிருந்து இதேபோன்ற பயணத்தை முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் கொடியசைத்துத் தொடங்கி வைத்தார். இரண்டு இரவு, மூன்று இரவுப் பயணங்களும் இருப்பதால் மாதச் சம்பளக்காரர்களும் துணிகிறார்கள். சீட்டு எடுத்த பணத்தில் அப்பா அம்மாவின் அறுபதாம் கல்யாண நினைவாகக் கப்பல் டிக்கெட் வாங்கும் பிள்ளைகளும் உண்டு.

டிக்கெட் கைக்கு வந்ததும் வீட்டுப் பெரியவர்களிடமிருந்து கேள்விகள் கிளம்புகின்றன. ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு என்ன செய்வது? வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்கு எங்கே போவது? விளக்கு ஏற்றாமல் இரண்டு நாள் இருக்கலாமா? நியாயமான கேள்விகள்தான். ஆனால் இவற்றுக்குப் பின்னால் இன்னொரு கேள்வி இருக்கிறது. அதை யாரும் கேட்பதாகத் தெரியவில்லை. அதே கப்பலில் சோறு பரிமாறுகிறவர், படுக்கை விரிக்கிறவர், பாத்திரம் கழுவுகிறவர், எஞ்சின் அறையில் வியர்வை சிந்துகிறவர், இவர்கள் எப்போது கும்பிடுவார்கள்?

நிகழ்ச்சி நிரலில் ஒரு வரி

பெரிய கப்பல்களில் மறுநாள் என்னென்ன நடக்கும் என்ற பட்டியலை அச்சிட்டு அறைதோறும் கொடுப்பது நெடுநாள் வழக்கம். இப்போது அது கைப்பேசியிலும் வந்துவிடுகிறது. நடன வகுப்பு, நீச்சல் குள விளையாட்டு, சமையல் செய்முறை, பாட்டுக் கச்சேரி என்று நீளும் அந்தப் பட்டியலின் நடுவே ஆராதனைக்கும் ஒரு வரி இருப்பதுண்டு. மேல்நாட்டுக் கப்பல்களில் வெள்ளிக்கிழமை மாலை யூதர்களின் சபாத்து வழிபாடு. ஞாயிறு காலை எல்லாச் சபைக் கிறிஸ்தவர்களுக்கும் பொதுவான ஆராதனை. கத்தோலிக்கக் குருவானவர் கப்பலில் இருந்தால் திருப்பலியும் உண்டு.

இதற்கென்று கோயில் எதுவும் இராது. முதல் நாள் இரவு நாடகம் நடந்த கொட்டகையிலோ, சினிமா மண்டபத்திலோ, நூலகத்திலோ காலையில் ஆராதனை நடக்கும். இத்தாலியக் கப்பல்கள் சிலவற்றில் மட்டும் சிறிய சிற்றாலயம் அமைத்திருக்கிறார்கள். குருவானவர் இல்லாவிட்டால் பிரயாணிகளில் ஒருவரோ கப்பல் அதிகாரி ஒருவரோ வேதபாடம் வாசித்து ஜபம் சொல்லி முடித்துவிடுவார்கள். கிறிஸ்துமஸ், ஈஸ்டர் சமயங்களில் குருவானவர்களை அழைத்துப் போகும் கம்பெனிகளும் உண்டு. பெரும்பாலும் அவருக்குச் சம்பளம் கிடையாது. தங்க ஓர் அறையும் சாப்பாடும்தான் சன்மானம்.

இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் இப்படி எழுதி வைத்த நேரம் பெரும்பாலும் இருப்பதில்லை. ஆயினும் பிரயாணிகள் உதவி மேஜையில் முன்கூட்டிக் கேட்டால் ஏதேனும் ஓர் அறையை ஒரு மணி நேரம் ஒதுக்கித் தருவதுண்டு. காசு கொடுத்து வந்தவர் கேட்கிறார் என்றால் கம்பெனி முகம் சுளிக்காது.

மும்பைத் துறைமுகம் இதற்கு நேர்மாறான கப்பல்களையும் கண்டிருக்கிறது. இங்கிருந்து ஜித்தாவுக்கு ஹஜ் யாத்திரிகர்களை ஏற்றிச் சென்ற கப்பல்களில் பயணமே வழிபாடாக இருந்தது. 1995-ம் ஆண்டு ‘எம்.வி. அக்பரி’ கப்பலோடு அந்தக் கடல் யாத்திரை முடிவுக்கு வந்தது. யாத்திரைக் கப்பலில் தொழுகைக்காகவே பயணம். உல்லாசக் கப்பலிலோ பல நிகழ்ச்சிகளில் தொழுகையும் ஒன்று. இந்த வேறுபாட்டை மனத்தில் கொண்டால் ஏமாற்றம் இராது.

பிரயாணிக்கு மதமே வழி விட்டிருக்கிறது

உண்மையில் பிரயாணியின் சங்கடம் அவ்வளவு பெரிதல்ல. பயணத்தில் இருப்பவனுக்கு எல்லா மதங்களும் இரக்கம் காட்டியிருக்கின்றன.

இஸ்லாத்தில் பிரயாணி நான்கு ரக்அத் தொழுகைகளை இரண்டாகச் சுருக்கித் தொழலாம். சில மத்ஹபுகளின்படி இரு வேளைத் தொழுகைகளைச் சேர்த்துத் தொழவும் இடமுண்டு. ஜும்மா அவர் மீது கட்டாயமல்ல. ரமலான் நோன்பைக்கூடப் பிந்திய நாட்களில் நோற்றுக் கொள்ளலாம்.

கத்தோலிக்கர்களுக்கு 1983-ம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1248-வது விதி ஆறுதல் தருகிறது. ஞாயிறு கடமையை முந்திய நாள் மாலைப் பூசையிலேயே நிறைவேற்றலாம். குருவானவர் இல்லை என்பது போன்ற தக்க காரணத்தால் பூசை காண முடியாமல் போனால், தனியாகவோ குடும்பமாகவோ கூடி ஜபத்தில் நேரம் செலவிடும்படி அந்த விதி பரிந்துரைக்கிறது.

இந்துக்களைப் பொறுத்தவரை ஒரு காலத்தில் கடலைத் தாண்டுவதே தோஷமாகக் கருதப்பட்டது. 1888 செப்டம்பரில் சட்டம் படிக்க இங்கிலாந்துக்குக் கிளம்பிய காந்தியடிகளை அவருடைய சாதிப் பஞ்சாயத்தார் இதே பம்பாயில் கூடி விலக்கி வைத்தார்கள். அவர் பஞ்சாயத்துக்குப் பணியாமல் கப்பலேறினார். அந்தத் தடை இன்று கதையாகிவிட்டது. இன்றைய தடை வேறு. கப்பலில் தீயைப்போல் பயங்கரமான எதிரி இல்லை. ஆகவே அறைகளில் கற்பூரம், ஊதுவத்தி, எண்ணெய் விளக்கு, மெழுகுவர்த்தி எதையும் கொளுத்தக் கூடாது. யூதர்கள்கூட சபாத்து விளக்குக்கு மின்சார மெழுகுவர்த்தியை வைத்துக் கொள்கிறார்கள். விளக்கின்றி, மணியின்றி, மனத்துக்குள்ளேயே அபிஷேகமும் அர்ச்சனையும் செய்யும் மானச பூஜையை நம் முன்னோர்கள் எந்தப் பூஜைக்கும் குறைவாகக் கருதவில்லை. சுவாமி படத்தைக் கைப்பையில் வைத்துக் கொண்டு, கொஞ்சம் விபூதி குங்குமம் எடுத்துக் கொண்டால் போதும். கற்பூரத்தை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போவது பக்திக்குக் குறைவல்ல. கப்பலில் இருக்கும் அத்தனை உயிருக்கும் செய்யும் உபகாரம்.

மும்பையில் வேலைக்குப் போகிறவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. காலை லோக்கல் ரயிலில் சப்ளாக்கட்டை தட்டிக் கொண்டு பஜனை பாடிச் செல்லும் கோஷ்டிகளை அவர்கள் தினமும் கேட்கிறார்கள். கோயிலுக்குப் போக நேரமில்லாத உழைப்பாளிகள் ரயில் பெட்டியையே கோயிலாக்கிக் கொண்டார்கள். அதே பெட்டியில் தூங்க விரும்பும் சக பிரயாணிகள் சத்தத்தைக் குறைக்கச் சொன்னதும் உண்டு. கப்பலுக்குப் போகிறவர்கள் இந்த இரண்டு பாடங்களையும் எடுத்துச் செல்லலாம். கும்பிட மண்டபம் தேவையில்லை. அடுத்த அறைக்காரர் தூக்கத்தைக் கெடுக்கவும் தேவையில்லை.

கீழ்த்தளத்தில் இருப்பவர்கள்

மேற்சொன்ன சலுகைகள் எல்லாம் சில நாள் பயணம் போய்த் திரும்புகிறவருக்காக ஏற்பட்டவை. கப்பலில் வேலை பார்க்கிறவருக்குக் கப்பல்தான் ஊர். ஆறு மாதம், எட்டு மாதம், சிலருக்கு அதற்கும் மேலாக ஒப்பந்தம். இரண்டு நாள் பிரயாணி மானச பூஜையோடு திருப்தி அடையலாம். எட்டு மாதம் ஒரு திருப்பலியோ ஒரு ஜும்மாவோ கூட்டு பஜனையோ இல்லாமல் இருப்பவரிடம் போய், ‘பயணத்தில் இருப்பவனுக்குச் சலுகை உண்டு’ என்று சொல்வது பொருந்துமா?

அவர்கள் எண்ணிக்கையும் கொஞ்சமல்ல. 2024 ஜனவரியில் தன் முதல் பயணத்தைத் தொடங்கிய ‘ஐகான் ஆஃப் தி சீஸ்’ என்ற பெருங்கப்பலில், அறைக்கு இருவர் என்ற கணக்கில் 5,610 பிரயாணிகள். அவர்களுக்கு ஊழியம் செய்ய 2,350 சிப்பந்திகள். இத்தகைய கப்பல்களின் சமையற்கட்டிலும் சாப்பாட்டுக் கூடத்திலும் அறைகளிலும் வேலை பார்ப்பவர்களில் பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, இந்தியா ஆகிய நாட்டவர் ஏராளம். மும்பை, கோவா, கேரளம், தமிழ்நாடு என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் இளைஞர்கள் போகிறார்கள். தாராவியிலும் செம்பூரிலும் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு ‘கப்பலுக்குப் போன பிள்ளை’ என்ற சொல் புதிதல்ல.

அந்தப் பிள்ளை தங்குவது தண்ணீர் மட்டத்தை ஒட்டிய கீழ்த்தளத்தில். பெரும்பாலும் ஜன்னல் இல்லாத அறை. அதிலும் கூட்டாளி உண்டு. வேலை நிமித்தம் தவிர மேல்தளத்தில் நடமாடப் பலருக்கு அனுமதி கிடையாது. ஆகவே ஞாயிறு காலை மேலே கொட்டகையில் ஆராதனை நடக்கிறது என்று தெரிந்தாலும் அவர் போக முடியாது. அப்படியே அனுமதி கிடைத்தாலும் அந்த நேரத்தில்தான் ஆயிரக்கணக்கானவர்களுக்குக் காலைச் சாப்பாடு பரிமாற வேண்டும். அறை அறையாகப் படுக்கை மாற்ற வேண்டும்.

ஓட்டலில் வேலை பார்த்தவர்களுக்கு இந்தக் கஷ்டம் சட்டென்று விளங்கும். ஊர் முழுவதும் தீபாவளி கொண்டாடும்போது ஓட்டல் சிப்பந்திக்கு இரட்டை வேலை. ஊர் கோயிலுக்குப் போகும் நாளில்தான் வாசலில் நிற்கும் காவல்காரருக்கு விடுப்பு மறுக்கப்படுகிறது. பிறர் பண்டிகையைச் சுமந்து பிழைப்பவருக்குத் தன் பண்டிகை கண்ணில் படாது. ஆனால் ஓட்டல் சிப்பந்தி மறுநாளாவது மாட்டுங்காவிலோ மாஹிமிலோ கோயில் வாசலை மிதித்துவிடலாம். கடலில் இருப்பவருக்கு அந்த மறுநாள் எங்கே?

சட்டத்தின் கணக்கு

கடல் தொழிலாளர்களின் உரிமைச் சாசனம் என்று சொல்லப்படுவது 2006-ம் ஆண்டுக் கடல்சார் தொழிலாளர் உடன்பாடு. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு உருவாக்கிய இந்த உடன்பாடு 2013 ஆகஸ்ட் 20-ல் அமலுக்கு வந்தது. இந்தியா 2015 அக்டோபரில் இதை ஏற்றுக் கொண்டது.

நாளுக்கு எட்டு மணி வேலை, வாரத்துக்கு ஒருநாள் ஓய்வு என்பதே அடிப்படை அளவு என்று இந்த உடன்பாடு சொல்கிறது. கேட்கக் குளிர்ச்சியாக இருக்கிறது. ஆனால் அடுத்தாற்போல் உச்ச வரம்பும் கொடுத்திருக்கிறார்கள். ஒன்று, வேலை நேரம் 24 மணிக்குள் 14, ஏழு நாளுக்குள் 72 மணியைத் தாண்டக் கூடாது. அல்லது, ஓய்வு நேரம் 24 மணிக்குள் 10, ஏழு நாளுக்குள் 77 மணிக்குக் குறையக் கூடாது. இவ்விரண்டில் ஏதாவது ஒன்றை நாடுகள் தேர்ந்து கொள்ளலாம். வாரத்தில் 168 மணி நேரம். அதில் 77 மணி ஓய்வு போனால் மிச்சம் 91 மணி. அதாவது இரண்டாவது வரம்பின்படி தினமும் சராசரி 13 மணி நேரம் வேலை வாங்கினாலும் ஓய்வு விதி மீறப்படவில்லை. வாரம் ஏழு நாளும் வேலை என்பது உல்லாசக் கப்பல்களில் சர்வ சாதாரணம்.

சிப்பந்திகளுக்குக் கொடுக்கும் உணவு அவர்களுடைய மதத் தேவைகளையும் பழக்கவழக்கங்களையும் கருத்தில் கொண்டதாக இருக்க வேண்டும் என்றும் உடன்பாடு விதிக்கிறது. வரவேற்க வேண்டிய விதி. துறைமுகங்களில் மாலுமிகளுக்காக ஏற்படுத்தும் நல வசதிகளில், தகுந்த இடங்களில், வழிபாட்டு வசதியும் இருக்கலாம் என்று அதன் வழிகாட்டிப் பகுதி சொல்கிறது. ஆனால் அந்த வசதி கரையில் இருக்கிறது. உல்லாசக் கப்பல் ஒரு துறைமுகத்தில் நிற்பது பெரும்பாலும் காலையிலிருந்து மாலை வரைதான். பழைய பிரயாணிகள் இறங்கிப் புதியவர்கள் ஏறும் நாளோ, அறைச் சிப்பந்திக்கு மூச்சு விட நேரமில்லாத நாள். வயிற்றுக்கு மதம் உண்டு என்று ஏற்றுக் கொண்டவர்கள் மனத்துக்கும் அது உண்டு என்று ஏற்றுக் கொண்டு, கப்பலுக்குள்ளேயே வாரத்தில் ஒரு மணி நேரத்தை எழுதி வைத்தால் என்ன?

கீழே இறங்கி வந்தவர்

இது புதுமையான கோரிக்கையும் அல்ல. 1912 ஏப்ரல் 14-ந் தேதி ஞாயிற்றுக்கிழமை ‘டைட்டானிக்’ கப்பலில் நடந்ததைப் பாருங்கள். காலையில் முதல் வகுப்புச் சாப்பாட்டுக் கூடத்தில் கப்பல் தலைவர் ஸ்மித் ஆராதனை நடத்தினார். அதே நாள் தாமஸ் பைல்ஸ் என்ற கத்தோலிக்கக் குருவானவர் இரண்டாம் வகுப்பினருக்குத் திருப்பலி நிறைவேற்றிவிட்டு, அத்தோடு ஓயாமல் மூன்றாம் வகுப்புக்கும் போய் அங்கிருந்த ஏழைகளுக்காக மறுபடியும் நிறைவேற்றினார். அவர் அந்தக் கப்பலின் ஊழியர் அல்ல. நியூயார்க்கில் தம்பியின் திருமணத்தை நடத்தி வைக்கப் போய்க் கொண்டிருந்த சாதாரணப் பிரயாணி. அன்றிரவு 11.40-க்குக் கப்பல் பனிப்பாறையில் மோதியது. உயிர்காக்கும் படகில் ஏற மறுத்து, கடைசிவரை ஜனங்களோடு ஜபித்தபடியே அவர் கடலில் மூழ்கினார்.

மேல் வகுப்பில் ஆராதனை நடந்துவிட்டது, கடமை முடிந்தது என்று அவர் உட்கார்ந்திருக்கலாம். கீழே இருப்பவர்கள் மேலே வர முடியாது என்று தெரிந்து, தாமே இறங்கிப் போனார். உல்லாசக் கப்பல்களுக்கு வேண்டியது இந்த மனப்பான்மைதான்.

மாலுமிகளுக்காகவே பாடுபடும் சங்கங்களும் உண்டு. 1920-ல் கிளாஸ்கோ நகரில் கத்தோலிக்கர்கள் தொடங்கிய கடல் திருத்தூதுப் பணி இன்று ‘ஸ்டெல்லா மாரிஸ்’ என்ற பெயரில் பல நாட்டுத் துறைமுகங்களில் இயங்குகிறது. ஆங்கிலிக்கன் திருச்சபையின் மாலுமிகள் சங்கம் 1856-லிருந்து வேலை செய்கிறது. இவர்கள் கப்பலேறி வந்து மதம் பார்க்காமல் எல்லாச் சிப்பந்திகளையும் விசாரிக்கிறார்கள். வீட்டுக்குப் பேச உதவுகிறார்கள். சம்பளத் தகராறு என்றால் வழி சொல்கிறார்கள். உல்லாசக் கப்பலில் போகும் குருவானவர்கள் சிலர், சாப்பாட்டுக் கூட வேலை முடிந்த பிறகு இரவு பதினோரு மணிக்கோ நள்ளிரவிலோ சிப்பந்திகளின் உணவறையில் திருப்பலி நடத்துகிறார்கள். பகலெல்லாம் நின்று கால் கடுத்தவர்கள் அந்த வேளையிலும் தூக்கத்தை விட்டு வந்து உட்காருகிறார்கள். இந்த ஏற்பாடு எல்லாக் கப்பலிலும் இல்லை. எல்லா மதத்தாருக்கும் இல்லை. குருவானவரின் நல்ல மனத்தையும் கப்பல் தலைவரின் தயவையும் பொறுத்ததாகவே இருக்கிறது.

ஆட்சேபங்கள்

‘சிப்பந்திகள் வேலைக்கு வந்தவர்கள், கும்பிட வந்தவர்கள் அல்ல’ என்று வாதாடுவோர் இருக்கலாம். தொழிற்சாலையில் பிள்ளையார் படத்துக்கும் ஆயுத பூஜைக்கும் இடம் கொடுத்த நாடு இது. அதனால் எந்த ஆலையும் நஷ்டத்தில் மூடியதாகக் கேள்விப்பட்டதில்லை.

‘பத்து மதம், இருபது மொழி, யாருக்கென்று நேரம் ஒதுக்குவது?’ என்பது இன்னொரு ஆட்சேபம். எல்லா மதத்துக்கும் தனித்தனி மண்டபம் யாரும் கேட்கவில்லை. கீழ்த்தளத்தில் அமைதியான ஓர் அறை, வார நாட்களைப் பங்கிட்டு ஒரு நேர அட்டவணை, முறை மாற்றி வேலையைப் பார்த்துக் கொள்ள ஒரு ஏற்பாடு. இவ்வளவே போதும். வெள்ளிக்கிழமை முஸ்லிம் சிப்பந்தியின் வேலையை ஒரு மணி நேரம் கிறிஸ்தவர் பார்க்கட்டும். ஞாயிற்றுக்கிழமை அதற்கு ஈடு செய்யப்படட்டும். கூட்டாளிக்காக ஷிப்ட் மாற்றிக் கொள்வது தொழிலாளிக்கு யாரும் கற்றுத்தர வேண்டிய வித்தையா?

‘கடவுளை நம்பாதவர்களின் கதி என்ன?’ என்றும் கேட்கலாம். அவர்களுக்கும் அந்த ஒரு மணி நேரம் சொந்தம். தூங்கட்டும், வீட்டுக்குப் பேசட்டும். யாரையும் கட்டாயப்படுத்திக் கும்பிட வைக்கக் கூடாது. கும்பிட விரும்புகிறவரைத் தடுக்கவும் கூடாது.

செய்ய வேண்டியவை

உல்லாசக் கப்பல் நடத்தும் கம்பெனிகள், பிரயாணிகளுக்கு ஆராதனை நேரம் குறிக்கும்போதே சிப்பந்திகளுக்கும் ஒரு நேரம் குறிக்க வேண்டும். அந்த நேரத்தை ஓய்வுக் கணக்கிலிருந்து பிடுங்காமல் வேலை நேரத்திலிருந்து கொடுப்பதே முறை. இந்தியத் துறைமுகங்களிலிருந்து புறப்படும் கப்பல்களிலாவது இதை நிபந்தனையாக்குவது பற்றி மத்திய அரசின் கப்பல் துறை யோசிக்க வேண்டும்.

கப்பலில் விடுமுறை கழிக்கப் போகும் பாதிரியார்கள், இமாம்கள், அர்ச்சகர்கள், பஜனை நடத்தத் தெரிந்தவர்கள் முதல் நாளே உதவி மேஜைக்குப் போய், ‘சிப்பந்திகளுக்காக ஒரு வேளை நடத்தித் தருகிறேன்’ என்று சொல்லலாம். அனுமதி கிடைக்காமல் போகலாம். ஆனால் கேட்கிறவர்கள் பெருகினால் கேட்ட விஷயம் கம்பெனியின் காதில் விழும்.

சாதாரணப் பிரயாணிக்கும் வேலை உண்டு. பயணம் முடிந்ததும் கருத்துப் படிவம் ஒன்றைக் கொடுத்துச் சாப்பாடு எப்படி, அறை எப்படி என்று கேட்பார்கள். ‘உங்கள் சிப்பந்திகளுக்கு வழிபாட்டு நேரம் உண்டா?’ என்று அதில் ஒரு வரி எழுதினால் கைச்செலவு ஒன்றுமில்லை. பிரயாணி சொல்லும் ஒரு வார்த்தைக்குச் சிப்பந்தி சொல்லும் நூறு வார்த்தைக்கு இல்லாத மதிப்பு இருக்கிறது. அந்த மதிப்பை நல்ல காரியத்துக்குப் பயன்படுத்தலாமே.

பிள்ளையைக் கப்பல் வேலைக்கு அனுப்பும் பெற்றோர் சம்பளம் எவ்வளவு, ஏஜென்ட் நம்பகமானவரா என்று விசாரிக்கிறார்கள். அத்தோடு வேலை நேரம், ஓய்வு நேரம், பண்டிகை நாள் ஏற்பாடு ஆகியவற்றையும் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே கேட்டுத் தெரிந்து கொள்வது நல்லது. ஒப்பந்தத்தில் எழுதாத சலுகை நடுக்கடலில் கிடைப்பது அபூர்வம்.

கோயில் இல்லாத ஊரில் தங்காதே என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. பிழைப்புக்காக அத்தகைய ஊர்களில் தங்கி, பிறகு தாங்களே சேர்ந்து கோயில் எழுப்பியவர்கள் வெளிமாநிலத் தமிழர்கள். மும்பையில் இன்று தமிழர் கும்பிடும் கோயில்களும் மாதா சபைகளும் ஜமாத்துகளும் அப்படி உண்டானவைதாம். அதற்கு அவர்களுக்குக் கையளவு நிலமும் வாரம் ஒருநாள் ஓய்வும் கிடைத்தன. கடலில் இருக்கும் தொழிலாளிக்கு நிலம் கொடுக்க முடியாது. ஒரு மணி நேரம் கொடுக்க முடியும். சம்பந்தப்பட்டவர்கள் இதில் ஆவன செய்வார்களாக.